குற்றவியல் படிக்கும் மருமகளுக்கு

மதுரை,
14.9.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதம் வந்தது. அப்பா பக்கத்தில் இருக்கும்போது போனில் எதையும் விரிவாகப் பேச முடியவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் எழுதினால்தான் நிதானமாகச் சொல்ல வரும்.

துறை மாணவர் மன்றத்துக்குச் செயலாளராக நிற்கலாமா, ஆன்லைன் சான்றிதழ் வகுப்புகள் எத்தனை முடிக்க வேண்டும், படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். வீட்டில் கொதித்துக்கொண்டிருப்பது கடைசிக் கேள்விதான் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கு நீ எஸ்.ஐ. ஆக வேண்டும். மதினிக்கு நீ பி.எட். படித்திருந்தால் நிம்மதி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குற்றவியல் முதுகலை படித்தவர்களுக்கு மட்டும் என்று அரசு ஒதுக்கி வைத்திருக்கும் பணியிடங்கள் மிகக் குறைவு. இதை முதல் ஆண்டிலேயே தெரிந்துகொள். எஸ்.ஐ. தேர்வைச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிறது. எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதலாம். குரூப் 1-இல் வரும் டி.எஸ்.பி. பதவியும் அப்படியே. உதவி சிறை அலுவலர், என் பதவியான நன்னடத்தை அலுவலர் ஆகியவற்றுக்கெல்லாம் டி.என்.பி.எஸ்.சி. வழியாக வர வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும், பெண்களுக்கான சகி ஒருங்கிணைந்த சேவை மையத்திலும் உன்னைப் போன்றவர்களை எடுக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஒப்பந்தப் பணி, சம்பளம் குறைவு. வங்கிகளிலும், வங்கிகளுக்கு வேலை செய்து கொடுக்கும் சென்னை நிறுவனங்களிலும் பண மோசடியையும் கறுப்புப் பணப் பரிமாற்றத்தையும் கண்காணிக்கும் பிரிவுகள் இருக்கின்றன. உன் பட்டத்துக்கு அங்கே மதிப்பு உண்டு, சம்பளமும் பரவாயில்லை. அண்ணனிடம் இதையும் சொல். அவருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

தடயவியல் ஆய்வகம் என்று உன் தோழி சொல்வதாக எழுதியிருந்தாய். அதற்கு வேதியியல், இயற்பியல், உயிரியல் என்று அறிவியல் பட்டம் வேண்டும். நம் மாநிலத் தடயவியல் துறையின் வேர் 1849-இல் சென்னையில் தொடங்கிய இரசாயனப் பரிசோதகர் அலுவலகம். இன்றும் அது ஆய்வகக்காரர்களின் துறைதான். நீ தமிழ் இலக்கியம் படித்துவிட்டு வந்தவள். அந்தக் கதவை விட்டுவிடு. ஆனால் தடயவியலைத் தெரிந்துகொள்வதை விட்டுவிடாதே. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. அவர் என்ன எடுக்கிறார், ஏன் எடுக்கிறார் என்று புரியாமல் யாரும் இனி இந்தத் துறையில் வேலை பார்க்க முடியாது. இன்னொன்று: சீனியர்கள் கொடுக்கும் குறிப்புகள் பழைய இ.பி.கோ., பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை வைத்து எழுதியவை. தூக்கிப் போட்டுவிடாதே. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்கள் இன்னும் பழைய சட்டத்தின்படிதான் விசாரணையில் இருக்கின்றன. பழையது, புதியது என்று இரண்டு சட்டங்களின் பிரிவு எண்களும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனை பதவிகளைச் சொன்னேனே, இவை எல்லாவற்றிலும் அடியில் ஒரே வேலைதான் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அது உண்மையா என்று போய்ப் பார்க்க வேண்டும். பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் தாளில் எழுத வேண்டும். எஸ்.ஐ. எழுதும் வாக்குமூலமும் அதுதான், சகி மையத்தில் எழுதும் குறிப்பும் அதுதான், வங்கியில் சந்தேகப் பரிவர்த்தனை பற்றி எழுதும் அறிக்கையும் அதுதான். இந்தத் திறமை கைவந்தவரை எந்தத் துறையும் விடாது. அது இல்லாதவர் எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் அவர் கையெழுத்தால் யாரோ ஒருவரின் வாழ்க்கை கெடும். என் பணிக்காலம் முழுவதும் இதைத்தான் பார்த்து வந்திருக்கிறேன்.

என் வேலையையே எடுத்துக்கொள். 1958-இல் வந்த குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் ஆறாம் பிரிவைப் படித்திருப்பாய். இருபத்தொரு வயதுக்குக் கீழே உள்ள ஒருவரை, ஆயுள் தண்டனை வரை போகாத ஒரு குற்றத்துக்காகச் சிறைக்கு அனுப்புவதற்கு முன், நன்னடத்தையில் விட முடியுமா என்று நீதிமன்றம் யோசிக்க வேண்டும். அதற்காக எங்கள் அறிக்கையைக் கேட்க வேண்டும். பாடத்தில் இது ஒரு பத்தி. அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் விஷயம் என்னிடம் வந்தது. பத்தொன்பது வயது. இருசக்கர வாகனம் திருடியதாக வழக்கு; அவனும் ஒப்புக்கொண்டுவிட்டான். காகிதத்தில் பெற்றோர் இல்லை, நிலையான முகவரி இல்லை, வேலை இல்லை என்று எழுதியிருந்தது. அந்த மூன்று ‘இல்லை’களோடு அறிக்கை போனால் நடுவர் என்ன செய்வார்? சிறைக்குத்தான் அனுப்புவார். அவனிடமே உட்கார்ந்து பேசினேன். முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் ஓர் ஊர்ப்பெயர் சொன்னான். பஸ் பிடித்துப் போனேன். அங்கே அவன் அப்பத்தா இருந்தாள். இரண்டு ஆடுகளும் ஒரு கூரை வீடும் இருந்தன. அவன் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்து மாதாமாதம் அவளுக்குப் பணம் அனுப்பியிருந்ததும், அப்பா இறந்த பிறகு சில மாதங்களாக அது நின்றுபோனதும் தெரிந்தது. பட்டறைக்காரரைத் தேடிப் பிடித்தேன். “கை சுத்தமான பையன்மா. சேர்க்கைதான் சரியில்லாமப் போச்சு. நாளைக்கே வரட்டும், வேலை தாரேன்” என்றார். ஊரில் ஒருவரோடு அடிதடி நடந்ததையும், குடிக்கத் தொடங்கியிருந்ததையும் வேறு சிலர் சொன்னார்கள். நல்லதையும் எழுதினேன், கெட்டதையும் எழுதினேன். நான்காம் பிரிவின் கீழ் நடுவர் அவனை நன்னடத்தைப் பிணையில் விட்டார், என் மேற்பார்வையில். அதே சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு, இப்படி விடப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் வரக்கூடிய தகுதியிழப்பு வராது என்கிறது. அது அவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பார். இன்றைக்கு அவன் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான்.

அவன் பெயரையும் ஊரையும் உனக்கும் சொல்ல மாட்டேன். எங்கள் அறிக்கை இரகசியமானது என்று சட்டமே சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் சொல்லக் கூடாது. உன் வகுப்பில் யாராவது களப்பணிக்குப் போய்வந்து அங்கே பார்த்தவர்களின் படத்தை ஸ்டேட்டஸில் போட்டால், அவர்கள் இந்தத் துறைக்கு வர இன்னும் தயாராகவில்லை என்று நினைத்துக்கொள்.

இனி உன் முதல் கேள்விக்கு வருகிறேன். மன்றத்துக்கு நில். ஆனால் பதவிக்காக நிற்காதே. அதை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று முடிவு செய்துவிட்டு நில். பெரும்பாலான மன்றங்கள் ஆண்டுக்கு ஒரு தொடக்க விழா, ஒரு சிறப்புச் சொற்பொழிவு, சால்வை, குழுப்படம் என்று முடிந்துவிடுகின்றன. அதில் செயலாளருக்குக் கிடைப்பது ஓடியாடிய களைப்பு மட்டும்தான். நீ செயலாளரானால் ஒரே ஒரு காரியத்தை ஆண்டு முழுவதும் நடத்து. என்னைக் கேட்டால் நீதிமன்றம் போவதைச் சொல்வேன்.

உன் பல்கலைக்கழகம் அபிஷேகப்பட்டியில் இருக்கிறது; பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகம் ஒரு பஸ் தூரம். நீதிமன்றம் பொதுவாக எல்லோருக்கும் திறந்த இடம். போக்சோ போன்ற வழக்குகளை மட்டும் மூடிய அறையில் நடத்துவார்கள். அங்கே எட்டிப் பார்க்கவும் கூடாது. மற்றபடி நீ போய்ப் பின் பெஞ்சில் உட்கார யாரிடமும் கடிதம் வாங்க வேண்டியதில்லை. போனை அணைத்துப் பையில் வைத்துக்கொள். நடுவர் நீதிமன்றத்துக்குப் போ. பெரிய வழக்கு நடக்கும் அறையைத் தேடாதே. முந்தின நாள் கைதானவர்களைக் காவலுக்கு அனுப்பும் நேரத்தில் இரு. ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது? அவருக்காக யாராவது பேசினார்களா? உன்னை அடித்தார்களா என்று நடுவர் கேட்டாரா? கேட்டபோது அந்த ஆள் யாரைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்? குடும்பத்தார் எங்கே நிற்கிறார்கள்? இவற்றை வெளியே வந்ததும் நோட்டில் எழுது. மன்றத்தில் நான்கைந்து பேர் முறைபோட்டு ஓர் ஆண்டு இதைச் செய்தால் உங்கள் ஆய்வேட்டுக்கு வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. இரண்டு நாள் கருத்தரங்குகள் பல சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது.

அந்தச் சில நிமிடங்களை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உனக்குத் தெரியும். சாத்தான்குளம் உன் ஊருக்கு எவ்வளவு தூரம்? 2020 ஜூன் 19 அன்று ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். காவலில் வைக்க உத்தரவு வாங்கி கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். 22-ஆம் தேதி மகனும் 23-ஆம் தேதி தந்தையும் இறந்துபோனார்கள். காவல் நிலையம், மருத்துவர், நடுவர், சிறை என்று இடையில் எத்தனை கைகள், எத்தனை கையெழுத்துகள். அவற்றில் ஏதாவது ஓரிடத்தில் ஒருவர் நின்று பார்த்து, பார்த்ததை அப்படியே எழுதியிருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை. பிறகு நடந்த விசாரணையில் அந்த நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் தான் கண்டதைச் சொன்னார். தன்னோடு வேலை பார்ப்பவர்களுக்கு எதிராகவே சொன்னார். உன் துறையில் யாரை முன்மாதிரியாக வைத்துக்கொள்வது என்று கேட்டால் அவரைச் சொல்வேன்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ‘காவல் நண்பர்கள்’ பற்றி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். 1993-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் காவல் அதிகாரி பிரதீப் வி. பிலிப் தொடங்கிய இயக்கம். மக்களும் காவல்துறையும் நெருங்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்தது. வெளிநாடுகளிலும் அதைப் பாராட்டினார்கள். சாத்தான்குளத்துக்குப் பிறகு தன்னார்வலர்கள் மீதே குற்றச்சாட்டு எழுந்தது. 2020 ஜூலையில் தமிழக அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது. ஆகவே காவல் நிலையத்துக்குக் களப்பயிற்சிக்குப் போனால் ஒரு கோட்டைப் போட்டுக்கொள். வரவேற்பில் மனு எழுதிக்கொடு, புள்ளிவிவரம் தொகு, பெண்கள் உதவி மையத்தில் உட்கார், காவல் சிறார் மன்றத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடு. எல்லாம் நல்லது. விசாரணைக்கு அழைத்து வரப்பட்டவர் இருக்கும் அறைக்குள் மட்டும் மாணவியாக நீ போகாதே, “சும்மா வந்து பாரும்மா” என்று யார் கூப்பிட்டாலும். தவறு ஏதாவது கண்ணில் பட்டால் அன்றே உன் துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடு.

வளாகத்துக்கு உள்ளேயே உனக்கு வேலை இருக்கிறது. குற்றவியல் படிப்பவர்கள் ஊர்க் குற்றங்களைப் பற்றிப் பேசுவார்கள். தங்கள் விடுதியில் நடப்பதைப் பற்றிக் கேட்டால் மௌனமாகிவிடுவார்கள். 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் நம் மாநிலம் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது, 1997-இல். அந்தச் சட்டத்துக்கு ஒரு மாணவனின் உயிரை விலையாகக் கொடுத்திருக்கிறோம். உன் விடுதியில் முதலாண்டுப் பிள்ளைகள் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் இருந்தால், அதைத் தெரியப்படுத்துவது உங்கள் துறையின் பொறுப்பு.

பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவும் அப்படித்தான். யு.ஜி.சி.யின் 2015 விதிமுறைப்படி, மாணவர் தொடர்பான புகாராக இருந்தால் அந்தக் குழுவில் மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும்: இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலையிலிருந்து ஒவ்வொருவர், அதுவும் தேர்ந்தெடுக்கப்பட்டவராக. உன் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பிரதிநிதி யார் என்று விசாரி. அந்த இடத்துக்குத் தேர்தல் வந்தால் மன்றத்தை விட்டுவிட்டு அதற்கு நில். இரண்டு ஆண்டுகளில் ஒரு மாணவி கற்றுக்கொள்ளக்கூடியதில் அதைவிடப் பெரியது வேறில்லை. புகார் சொல்பவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது, புகாருக்கு உள்ளானவருக்கும் பேச வாய்ப்புக் கொடுப்பது எப்படி, வெளியே யார் கேட்டாலும் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது என்பதெல்லாம் அந்த மேசையில்தான் தெரியும்.

வாயை மூடிக்கொள்வதை மறுபடியும் சொல்கிறேன் என்று நினைக்காதே. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமை உனக்கு நினைவிருக்கும். அந்தப் பெண் துணிந்து புகார் கொடுத்தாள். அவளை அடையாளம் காட்டும் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. குற்றம் செய்தவனுக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்தக் கசிவு செய்த காயத்தை எந்தத் தீர்ப்பு ஆற்றும்? நாளைக்குப் புகார் கொடுக்க நினைக்கும் இன்னொரு பெண் அதைத்தான் முதலில் நினைத்துப் பார்ப்பாள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைக் காப்பதை நீ பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படிக்காதே.

உன் மாவட்டத்துக்கென்று இருக்கும் நோயை நீ அறிவாய். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவன் ஒருவனின் வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். காரணம் சாதி. அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர்க் குழுவாக அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கையில் சாதிக்கயிறு கட்டுவதைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது என்று பல பரிந்துரைகள். அந்த அறிக்கையை முழுவதுமாகப் படி. படித்துவிட்டு உன் சுற்றுவட்டாரப் பள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தலைமையாசிரியர் அனுமதியோடு, மாதம் ஒருமுறையாவது அதே பிள்ளைகளிடம் போ. ஒரு நாள் விழிப்புணர்வு முகாமில் நீங்கள் பேசுவீர்கள், அவர்கள் கைதட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. திரும்பத் திரும்பப் போகும்போதுதான் ஒரு பையன் தன் கயிற்றைப் பற்றித் தானாகப் பேசுவான். வெட்டியவர்களும் பிள்ளைகள்தான் என்பதை மறக்காதே. சிறார் நீதிச் சட்டம் ஏன் இருக்கிறது, ஒரு குழந்தையை எப்படித் திருத்தி மீட்பது என்று நீ யோசிக்க வேண்டிய இடமும் அதுவே. இந்தக் கேள்விக்கு எளிதான விடை இல்லை. பாதிக்கப்பட்ட பையனின் முகத்தையும் நினைத்துக்கொண்டு யோசித்தால்தான் அந்த யோசனைக்கு மதிப்பு.

சிறைக்கும் கட்டாயம் போக வேண்டும். தனியாகக் கேட்டால் விட மாட்டார்கள். துறைத் தலைவர் வழியாகச் சிறைத்துறைத் தலைமையிடத்துக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். காலம் பிடிக்கும், இப்போதே தொடங்குங்கள். பாளையங்கோட்டை மத்தியச் சிறை உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. போவதற்கு முன், 2024 அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைப் படித்துவிட்டுப் போ. சாதியை வைத்துக் கைதிகளைப் பிரிப்பதும் வேலை கொடுப்பதும் அரசமைப்புக்கு எதிரானவை என்ற தீர்ப்பு அது. பாளையங்கோட்டையும் அதில் பேசப்படுகிறது. ஒரு பத்திரிகையாளர் சிறைகளைப் பற்றி நின்று நிதானித்து எழுதியதிலிருந்து பிறந்த வழக்கு என்பதையும் கவனி.

சிறையில் நீ பார்க்கப்போவது பெரும்பாலும் தண்டனை பெற்றவர்களை அல்ல. 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். அவர்கள் குற்றம் செய்தார்களா என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே கழித்துவிட்டால் பிணையில் விட வழி செய்கிறது. சில விலக்குகள் உண்டு. சட்டம் இருக்கிறது, தன் கணக்கு முடிந்துவிட்டது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிய வேண்டுமே. இதற்குத்தான் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் சார்ந்த தன்னார்வலர்களை எடுக்கிறது. அதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பம் கேட்கும்போது கொடு. பம்பாயில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1990-இல் தொடங்கிய ‘பிரயாஸ்’ என்ற களப்பணித் திட்டம் இப்படித்தான், சிறைக்குள் போய் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்து வளர்ந்தது. நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்களில் அப்படி ஒன்று வேரூன்ற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இணையக் குற்றம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உன் துறையில் ஆசிரியராக இருந்த ஜெய்சங்கர் 2007-இல் இணையக் குற்றவியலுக்கென்றே ஒரு சர்வதேச ஆய்விதழைத் தொடங்கினார். அந்தப் பிரிவில் உலகம் திரும்பிப் பார்த்த இடத்தில் நீ படிக்கிறாய். உன் தெருவில் ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்களுக்கு ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று சட்டத்தில் கிடையாது என்பதையும், பணம் போனால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடு. முதலில் அண்ணனுக்குச் சொல்.

சான்றிதழ்களைப் பற்றி என் கருத்து கடுமையாக இருக்கும், பொறுத்துக்கொள். நேர்காணல்களில் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கோப்பு நிறைய இணையவழிச் சான்றிதழ் கொண்டுவரும் பிள்ளையிடம் “இதில் என்ன கற்றாய்?” என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஒன்றோ இரண்டோ போதும். புள்ளியியல் மென்பொருள் ஒன்றையும் எக்செல்லையும் ஒழுங்காகக் கற்றுக்கொள். என்.எஸ்.எஸ்.ஸில் சேர், அதற்கும் என்.சி.சி.க்கும் சீருடைத் தேர்வில் தனி மதிப்பெண் உண்டு. எஸ்.ஐ. எண்ணம் இருந்தால் இன்றிலிருந்தே காலையில் ஓடு. எழுத்துத் தேர்வுக்கு மூன்று மாதம் போதும் என்பார்கள். உடல் அப்படித் தயாராகாது. தமிழ்த் தகுதித் தேர்வைப் பற்றி உனக்குக் கவலையில்லை. கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசை வந்தால் நெட் தேர்வில் குற்றவியல் தனிப்பாடமாகவே இருக்கிறது. வழக்கறிஞராகவோ அரசு வழக்கறிஞராகவோ வர நினைத்தால் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. அந்தச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணனிடம் இதை நீ சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன்.

தமிழ் இலக்கியம் படித்துவிட்டு இங்கே வந்ததால் பின்தங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் ஊரில் வாக்குமூலம் தமிழில்தான் பதிவாகிறது. சொன்னவரின் பேச்சு ஒருவகையாகவும், எழுதியவரின் மொழி வேறுவகையாகவும் இருக்கும் வாக்குமூலங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். எழுதப்படிக்கத் தெரியாத ஒரு கிழவி சொன்னதாக எழுதிய பக்கத்தில் அவள் வாயில் வரவே முடியாத சொற்கள் இருக்கும். அவள் சொன்னதை அவள் சொன்னபடி எழுதத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு நிலையத்திலும் இருந்தால் எவ்வளவோ மாறும். அது உன்னால் முடியும்.

இரவில் தூக்கம் வராத நாட்கள் இந்த வேலையில் வரும். கேட்ட கதைகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். அப்போது மனதில் வைத்துப் புழுங்காமல் என்னைக் கூப்பிடு; பெயர் ஊர் சொல்லாமல் பேசலாம். உன் துறையில் ஆலோசனை தரும் பேராசிரியர் ஒருவரையும் நம்பிக்கையாகப் பிடித்துக்கொள்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு சில நாட்களாவது பாளையங்கோட்டை நீதிமன்றத்துக்குப் போய்விட்டு எனக்கு எழுது. உன் அபிப்பிராயம் இப்போது வேண்டாம். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது, எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்ததை மட்டும் எழுதி அனுப்பு. நான் சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன்.

அம்மாவிடம் என் அன்பைச் சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
உன் அத்தை